பாட்டுக்காரருக்காகத் தள்ளிப்போன முகூர்த்தம்

அண்ணா,

இன்று காலை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேத்தி தன் போனில் ஒரு பாட்டு வைத்தாள். முதலில் கிட்டார் மட்டும் தனியாக வந்தது. அப்புறம் அந்தக் குரல். தொண்டையில் கொஞ்சம் மணல் ஒட்டியிருப்பது போன்ற அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னாடி, உங்க தாத்தாவோட பாட்டுக்காரர் நாளா இன்னிக்கு?"

"ஆமா ஆயா. உலகம் ஃபுல்லா நேத்தே போட்டுட்டாங்க. நம்ம வீட்டுக் கணக்கு இன்னைக்குத்தானே? அம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லும்."

நம் வீட்டுக் கணக்கு ஏன் ஒரு நாள் பிந்தி வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு நாளால் அவள் அப்பன் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்பதும் தெரியாது. அவளுக்குச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கை. எழுத்து கோணலாகப் போகும், பிழை இருக்காது. அதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம்தான்.

எண்பதுகள் முடிகிற சமயம். கீழ்க்கட்டளையில் எங்கள் நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டிருந்தது. என் பையன் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தான். தூரத்துச் சொந்தம் ஒருவர் கிழக்குத் தாம்பரத்தில் உங்கள் பெண்ணைப் பற்றிச் சொன்னார். கவர்மென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவர் வீடு, காலனி வீடு என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே நீள முடியும் தாடியுமாக ஒரு வெள்ளைக்காரர் படம். எம்மதமும் சம்மதம் என்று இருக்கிற குடும்பம் போல, ஏசுநாதரையும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடு போட்டேன்.

காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த உங்கள் மகள் சிரிப்பை அடக்க முடியாமல், தட்டை உங்கள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். "சாரிங்க, அவர் ஒரு பாடகர்" என்று நீங்கள் வழிந்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன். பயம் போனது அங்கேதான். இந்தப் பெண்தான் என் வீட்டுக்கு வர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். என் பையன் அதற்கும் முன்னாலேயே முடிவு செய்துவிட்டான் என்பது அவன் காபி குடித்த விதத்திலேயே தெரிந்தது.

நாள் குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். எங்கள் வீட்டில் பெரியவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் சொன்னால் சொன்னதுதான். நான் அவர் எதிரே நின்று பேசியதே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதோடு சரி. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆவணியில் கடைசி முகூர்த்தத்தைச் சொன்னார். அதை விட்டால் புரட்டாசி. அப்புறம் ஐப்பசி மழை. நீங்கள் இங்கிலீஷ் தேதியை விரல் விட்டு எண்ணிப் பார்த்தீர்கள்.

"அந்தத் தேதி மட்டும் வேண்டாமே. அன்னைக்கு எனக்கு ஒரு நினைவு நாள்."

பெரியவர் உடனே இறங்கி வந்தார். "அதுக்கின்னா சார். பெரியவங்க நாள்னா தாராளமா மாத்திக்கலாம். உங்க அப்பாருதா?"

அந்த இடத்தில் நீங்கள் தலையை ஆட்டியிருந்தால் போதும். உங்கள் வீட்டுக்காரம்மா உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததைக் கதவிடுக்கில் நான் பார்த்தேன். நீங்களோ நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "இல்லைங்க, ஒரு பாடகருக்கு. வெளிநாட்டுக்காரர்" என்றீர்கள்.



"இன்னா சார், டமாசா?" என்றார் பெரியவர். "அவனுக்கும் உனுக்கும் இன்னா முறை? மாமனா, மச்சானா?"

"முறைன்னு ஒண்ணும் இல்லைங்க. நேர்ல பார்த்ததுகூட இல்லை."

என் வீட்டுக்காரர் சண்டை சச்சரவு பிடிக்காதவர். எப்படியாவது கோணலை நிமிர்த்தப் பார்த்தார். "சார், அவரு எந்நேரத்துல செத்தாரு?"

"அவங்க ஊர்ல முந்தின நாள் ராத்திரி."

"அப்பாடா! அப்ப அவரு தேதியே முந்தின நாளு. தீந்துச்சு. அன்னிக்கு வெச்சிக்கோங்க, மறுநாள் முகூர்த்தம்."

"இல்லைங்க. எனக்கு ரேடியோல நியூஸ் வந்தது மறுநாள். காதுல விழுந்த நாள்தானே கணக்கு? தீட்டுக்கூட அப்படித்தான் பார்க்கிறோம்."

"சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுது" என்று ஜோசியர் வாய் தவறிச் சொல்லிவிட்டு, பெரியவர் முறைத்ததும் பஞ்சாங்கத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். செத்த வருஷத்தைக் கேட்டு, திதி போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "திதிப்படி பாத்தா இந்த வருசம் அது முன்னாடியே வந்து போயிடுது. யாருக்கும் குறையில்ல."

எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். நான் கதவுக்குப் பின்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன், இதற்காவது சரி என்று சொல்லிவிடுங்கள் என்று.

"அவருக்குத் திதி கிடையாதுங்க" என்றீர்கள். "தேதிதான்."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "செத்துப்போன வெள்ளக்காரனுக்காண்டி எங்க வூட்டு முகூர்த்தம் நகராது. அதே நாளுன்னா கல்யாணம். இல்லன்னா வேற எடம் பாத்துக்கோங்க." என் பையன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உங்களைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டேன். முருங்கை மரத்தடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "அண்ணா, உங்க பொண்ணு அங்க காத்துக்கினு கீது. ஒரே ஒரு நாளு. இன்னாத்துக்கு இம்மாம் புடிவாதம்?" என்றேன்.

"எனக்கு இருபது வயசுல அப்பா போயிட்டார், தங்கச்சி. அழுகையே வரலை. கல்லு மாதிரி இருக்கான்னு சொந்தக்காரங்க பேசினாங்க. நாலு மாசம் கழிச்சு ஒரு ஃப்ரெண்டு ரூம்ல இந்த ஆள் பாட்டைக் கேட்டேன். அன்னைக்குத்தான் அழுதேன், விடிய விடிய. அப்பாவுக்குத் தவறாம திதி குடுக்கறேன். என்னை அழ வச்சவருக்கு இந்த ஊர்ல யார் இருக்கா?"

என் அம்மா செத்த அன்று நானும் மரம் போல்தான் உட்கார்ந்திருந்தேன். தெருக்கோடியிலிருந்து ஒரு கிழவி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கிழவி எந்த வருஷம் போனாள் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் உள்ளே போனேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதவைத் தாண்டி வந்து பெரியவர் எதிரே நின்றேன்.

"மாமா, ஐப்பசியிலயே வெச்சிக்கலாம்."

"இன்னாம்மா, நீயுமா?"

"மூஞ்சி தெரியாத ஆளுக்கு ஒரு நாள ஒதுக்கி வெச்சி, பொண்ணு கல்யாணமே நின்னாலும் பொய் சொல்ல மாட்டேன்றாரு. இவரு நம்ம ஜனத்த மறப்பாரா? எனுக்கு இந்த வூட்டு சம்பந்தம்தான் வேணும்."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மழையில சோறு நனைஞ்சா நீதான் நின்னு பதில் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார். அது சம்மதம்தான். எங்கள் வீட்டில் அப்படித்தான் சம்மதம் சொல்வார்கள்.

மழை பெய்தது, அண்ணா. எப்படிப் பெய்தது! கோவிலம்பாக்கத்திலிருந்து வர வேண்டிய சமையல்காரர்கள் முழங்கால் தண்ணீரில் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். பந்தலில் ஒரு மூலை தொங்கிவிட்டது. பெரியவர் பந்திக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு நின்று, சாப்பிட வந்தவர்களிடமெல்லாம், "எல்லாம் ஒரு பாட்டுக்காரர் புண்ணியம். அவரு பேரு எங்க சம்பந்தியக் கேளுங்க, என் வாயில நுழையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொருவருக்கும் அந்தப் பேரைச் சொன்னீர்கள்.

அதற்கப்புறம் வந்த வருஷங்களில் பல ஞாயிற்றுக்கிழமைகள் உங்களோடுதான். தோள்பையில் கேசட்டுகள் குலுங்க, பஸ் மாறி வருவீர்கள். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன நாள் தெரியுமா தங்கச்சி?" என்பீர்கள்.

"தெரியும். மீன் வாங்குற நாளு."

"அது சரி. இன்னொன்னு சொல்றேன்" என்று ஆரம்பிப்பீர்கள். இந்த ரெக்கார்டு வெளியாகி இருபது வருஷம். இந்த ஆள் பிறந்த நாள். இந்தக் குழு முதல் முதலாக மேடை ஏறிய நாள். உங்கள் தலைக்குள் ஒரு பஞ்சாங்கம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் முகம் வாடி வந்தீர்கள். நாலு பேராகச் சேர்ந்து பாடிய ஒரு குழு பிரிந்த நாள் என்றீர்கள். நிலம் பாகம் பிரித்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

"பாகம் எப்படி பிரிச்சிக்கினாங்க? எவனுக்கு இன்னா போச்சு?"

நீங்கள் சிரித்து, அப்புறம் யோசித்தீர்கள். "அவங்களுக்குள்ள என்னவோ. பாட்டு நமக்கு வந்துடுச்சு."

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் போனார். முதல் வருஷத் திதிக்கு நீங்கள் வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், போனீர்கள். சில நாள் கழித்து மறுபடியும் வாசலில் நின்றீர்கள். சட்டை தேய்த்துப் போட்டிருந்தீர்கள்.

"அண்ணா, திதி முடிஞ்சி போச்சே?"

"அது உங்க கணக்கு. இன்னைக்கு என் கணக்கு."

தேதியை நான்கூட மறந்திருந்தேன். அவர் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து, பால் விடாத காபி வாங்கிக் குடித்தீர்கள். கேசட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிகிற வரை ஒன்றும் பேசவில்லை. பேரன் பேத்திகூட அசையவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நீங்கள் தவறவில்லை. பெரியவர் எதிரே பேசிவிட்டோமே என்று எப்போதாவது எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது உண்மை. நீங்கள் வந்த அந்த முதல் தேதியோடு அது போயிற்று.

பெரியவர் படுத்த படுக்கையான போது நீங்கள் பார்க்க வந்தீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். கஞ்சித் தம்ளரோடு நின்ற எனக்குக் கேட்டது.

"சார், எனுக்கும் ஒரு நாளு போடுவியா?"

"போடாம? குடையோட நின்னீங்களே, அதுக்கே போடணும்" என்றீர்கள்.

"இங்கிலீஷ் பாட்டு வோணாம்."

"சரிங்க. நாயனம் போடறேன்."

சொன்னபடியே போட்டீர்கள். அவர் பிள்ளைகள் திதியோடு நிறுத்திக்கொண்டார்கள், நீங்கள் நிறுத்தவில்லை.

இப்போது உங்களுக்கும் இரண்டு நாள் வருகிறது, அண்ணா. திதி உங்கள் மகன் கொடுக்கிறான். தேதி எங்கள் வீட்டில். சம்பந்திக்கு எதற்கு நாள் வைக்கிறாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். உங்கள் மகளும் பேத்தியும் நானும் உட்கார்ந்து கேட்கிறோம். பேத்தி கிட்டார் வாசிக்கிறாள். காலேஜ் மேடையில் அவள் வாசித்து நான் பார்த்தேன். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "என் பேத்திதான்" என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

நேற்று எனக்குத் தலை சுற்றலாக இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மனசில் ஓடியதைச் சொல்லிவிட வேண்டும் என்று, இன்றைக்குப் பாட்டு முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"என் திதிய உங்கப்பன் பாத்துக்குவான். தேதிய நீ வெச்சிக்கோ."

"சும்மா இரு ஆயா" என்று கோபித்துக்கொண்டாள். கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக் கம்பியை முறுக்கேற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "சரி, உனக்கு எந்தப் பாட்டு போடணும்?"

இதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவசரப்பட்டுச் சொல்லிவிடக்கூடாது அல்லவா? உங்கள் கேசட் பெட்டியில் இருந்த பாட்டையெல்லாம் அவள் என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். தினம் மத்தியானம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.