பத்திரமாக வைத்த ஏசி

ஜூன் 9, ஞாயிறு

இர்யா அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி. மூன்று வருடத்தில் முதல் முறை. "ஜூலை 20 எனக்குக் கல்யாணம். லியெக்சாவுல, ஏரிக்கரையில. கேக் நீ கொண்டு வா." அவ்வளவுதான். மாப்பிள்ளையின் பெயர்கூட இல்லை. அறுபத்தொரு வயதில் இரண்டாம் கல்யாணம், அதில் எனக்கு ஒரு உத்தரவு.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் காபி குடிக்க உட்கார்ந்தபோது, நான் செய்த கேக்கை ஒரு வாய் வைத்துவிட்டு, பாதிரியார் முன்னாலேயே "காய்ஞ்சு போயிருக்கே, கடையில வாங்கினதாடி?" என்று கேட்டவள் இவள். அதோடு பேச்சு நின்றது.

அந்தக் கேக் காயவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"சரி" என்று பதில் அனுப்பினேன். அதைத் தட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

ஜூன் 14

முப்பது டிகிரி. எங்கள் ஊர் யோயென்சூவில் நாய்கள்கூட வெளியே வரவில்லை. கல்யாணக் கேக் என்றால் கிரீமும் ஸ்ட்ராபெரியும்தான். லியெக்சாவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். இந்த வெயிலில் கிரீம் ஊர் எல்லையைக்கூடத் தாண்டாது.

"நம்ம கார்ல ஏசி இருக்குல்ல?" என்று தௌனோவைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு பெருமை.

"இருக்கு. புத்தம் புதுசா இருக்கு. கார் வாங்கி அஞ்சு வருஷம், ஒருதடவைகூடப் போட்டதில்ல. பத்திரமா வச்சிருக்கேன்."

என் மாமியார், நல்ல கோப்பைகளை நல்ல விருந்தாளிக்கென்று எடுத்து வைத்துவிட்டு, அதில் ஒருநாளும் காபி குடிக்காமலே போய்ச் சேர்ந்தவர். அதே ரத்தம். போதாக்குறைக்கு, ஏசிக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வேறு.

போட்டுப் பார்த்தோம். வெளியே அடித்த அதே காற்று உள்ளேயும் வந்தது, கொஞ்சம் தூசியோடு.

ஜூன் 17

கார் மெக்கானிக் மெர்வியின் பட்டறைக்குப் போனோம். அவள் ஒரு இயந்திரத்தின் இரண்டு குழாய்களைக் காரில் மாட்டி, உள்ளே இருந்த கேஸை உறிஞ்சி எடுத்து எடை பார்த்தாள். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பிறகு காற்றையெல்லாம் வெளியேற்றி, பெரிய ஓட்டை எதுவும் இல்லை என்று பார்த்து, புதுக் கேஸை அளந்து ஏற்றினாள். கூடவே கொஞ்சம் பச்சைச் சாயம்.

"மறுபடி சூடா வந்தா வாங்க. எங்க ஒழுகுதுன்னு இது காட்டிக் கொடுத்துடும்."

திரும்பி வரும்போது ஜில்லென்று இருந்தது. தௌனோ வீடு வரைக்கும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

ஜூன் 22

நடுக்கோடைத் திருநாள். மழை. வழக்கம்போல.

ஜூலை 8

சூடான காற்று. போச்சு.

ஜூலை 9

பட்டறைக் கதவில் ஒரு தாள்: "விடுமுறை. ஆகஸ்டில் பார்க்கலாம்." ஃபோனையும் அணைத்து வைத்திருக்கிறாள். ஜூலையில் இந்த நாட்டில் பல் பிடுங்கக்கூட ஆள் கிடைக்காது, எல்லாரும் ஏரிக்கரைக் குடில்களில். வேறு இரண்டு பட்டறைகளிலும் இதே தாள்தான்.

நான் ஏன் சரி என்று சொன்னேன்? உருகி வழிகிற கேக்கோடு போய் இறங்கினால் அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், ஒரு பார்வை போதும். அப்புறம் இன்னொரு மூணு வருஷம். எங்க இருக்கு இன்னொரு மூணு வருஷம்? அவளுக்கும் வயசாச்சு, எனக்கும் ஆச்சு. இருக்கிறதே ஒரே அக்கா. சனியன், அவளப் பார்க்கணும்போல இருக்கு.

அடுப்படியில் நின்று அழுதேன். தௌனோ பார்த்தார். காபி போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜூலை 10

நேற்று அவர் போனது மெர்வியின் குடிலுக்காம்! கூப்பிடாமல் ஒருவருடைய குடிலுக்குப் போவதென்றால் இங்கே காடு பற்றி எரிய வேண்டும். அப்போதும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் வானிலைகூடப் பேசாத மனுஷன் வாசலில் போய் நின்றிருக்கிறார். மெர்வி நீராவிக் குளியலிலிருந்து துண்டோடு வெளியே வந்தாளாம்.

"'யாரு செத்தா'ன்னு கேட்டா. 'யாரும் சாகல, கேக்'னு சொன்னேன்."

"அப்புறம்?"

"'கல்யாணக் கேக்கா, யாருக்கு'ன்னா. உங்க அக்கான்னு சொன்னேன். 'பேச்சுவார்த்தை இல்லாத அந்த அக்காவா'ன்னா."

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. பதினாறாம் தேதி வரச் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 16

எங்களுக்காக மட்டும் பட்டறையைத் திறந்தாள். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு நீல விளக்கை அடித்ததும் கம்ப்ரஸரின் முன்பக்கம் பச்சையாக மின்னியது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது.

"எத்தன வருஷமாண்ணே போடல?"

"அஞ்சு. பத்திரமா வச்சிருந்தேன்."

"பத்திரமா வச்சதாலதான் போச்சு. கேஸோட எண்ணெயும் சேர்ந்து ஓடும். ஓடினாத்தான் ரப்பர்ல ஈரம் நிக்கும். குளிர்காலத்துலயும் போடணும்."

"குளிர்காலத்துல எதுக்கும்மா ஏசி?"

"ஜில்லுனு இருக்க இல்லண்ணே, காயாம இருக்க. உறைபனியில அது ஓடாது. பனி உருகுற நாளாப் பார்த்து மாசம் ஒருதடவையாவது பத்து நிமிஷம் போட்டு விடுங்க. தேவையே இல்லாட்டியும் போடுங்க."

புது வளையம் மாட்டி, மறுபடி கேஸ் ஏற்றிக் கொடுத்தாள். கூலியோடு ஒரு கேக்கும் கேட்டாள். தௌனோ தலையைக் குனிந்தபடி காசை எண்ணிக் கொடுத்தார். அஞ்சு வருடப் பெருமை, பாவம்.

ஜூலை 21

நேற்று முப்பத்தொரு டிகிரி. பின் இருக்கைகளை மடக்கி, மூன்றடுக்குக் கேக்கை உள்ளே வைத்து, ஏசியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தோம். தௌனோ குளிர்காலக் கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றி இரண்டு சால்வையோடு வண்டி ஓட்டினார். வழியில் பெட்ரோல் போட இறங்கியபோது அரைக்கால் சட்டையோடு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இங்கே கேட்க மாட்டார்கள்.

இர்யா கேட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எனக்கானதுகூட இல்லை.

"தௌனோ, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. கேக்குக்கு வேர்க்கக் கூடாது."

கேக்கில் ஒரு ஸ்ட்ராபெரிகூட நகரவில்லை. இர்யா ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு நிதானமாக மென்றாள். மாப்பிள்ளை உர்ஹோ மூச்சு விடாமல் நின்றார். அவருக்கும் கதை தெரியும்போல.

"ஈரமா இருக்கு," என்றாள். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், "அம்மாவுக்குச் செஞ்சதும் அவ்வளவு மோசமில்லடி" என்றாள்.

பாத்திரம் கழுவுகிறேன் என்று உள்ளே போனேன். கழுவ ஒன்றுமே இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பனி உருகுகிறது, நாலு டிகிரி. தௌனோ சால்வையைச் சுற்றிக்கொண்டு காருக்குப் போனார். ஏசியைப் போட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியது.

அப்போது ஃபோன் அடித்தது. இர்யா.

"யாரு செத்தா?" என்றேன்.

"யாரும் இல்லடி. சும்மாதான்."

உருளைக்கிழங்கு பற்றிப் பேசினோம். உர்ஹோவின் முழங்கால் பற்றி. அப்புறம் பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் வைக்கவில்லை.

தௌனோ கழுத்தைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "ஃபோன்ல யாரு?"

"அக்கா."

"என்ன விஷயமாம்?"

"ஒரு விஷயமும் இல்ல."

அவர் சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நல்லது. மாசம் ஒருதடவையாவது பண்ணச் சொல்லு."