ஏரிக்கரையில் தற்செயலாக வந்தவர்கள்

ஸ்காபரோ, கனடா
12.09.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று மறக்காமல் எழுதுங்கள்.

லண்டனில் சின்னம்மா வீட்டில் ஒரு வாரம் நின்றுவிட்டு நேற்றுத்தான் திரும்பினேன். நான் கேட்காமலேயே சின்னம்மா என்னை வேல்ஸுக்குக் கூட்டிப்போனார். காரில் ஐந்து மணி நேரம். ஏரிக்கரையில் ஒரு சின்னக் கிராமம், சுற்றிவரச் செம்மறிகள் மேயும் மலைகள், கரையோரமாகப் புகைவிட்டு ஓடும் குட்டிக் கரிக்கோச்சி ரயில். அதில் ஏறினால், எங்களுக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், கலியாண வயதில் ஒரு மகளோடு.

“உங்களை இங்க காணுவம் எண்டு நினைக்கவேயில்லை” என்றார் சின்னம்மா. ஆனால் அவர்கள் எங்களுக்கும் சேர்த்துப் புட்டுக் கட்டி வந்திருந்தார்கள்.

அந்தத் தாய் என்னிடம் பார்சலை நீட்டி, “தம்பி, கத்தரிக்காய் போடேல்லை, பயப்பிடாமல் சாப்பிடுங்கோ” என்றார். கத்தரிக்காய் எனக்கு ஒத்துவராது என்பது சின்னம்மாவுக்கே தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இனி என்னைக் கேட்காமல் எதையும் ஒழுங்கு செய்யாதீர்கள்.

யாராவது வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். ஒருவனுக்குத்தானே, கால் கிலோ போதும்.

வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். அன்று கரிக்கோச்சியிலிருந்து இறங்கும்போது மழை பெய்ததால் அந்தப் பிள்ளை தன் குடையை எனக்குத் தந்தது. அது இப்போது என் அறையில் இருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டும். அவர்களின் விலாசம் உங்களிடம் இருக்கும், உடனே எழுதுங்கள்.

மகன்,
குகனேசன்