பின்சீட்டில் உன் அப்பா

அன்பு மகள் அபிகெயிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதாவின் துணையால் எனக்கும் அம்மாவுக்கும் இங்கே குறையில்லை, அந்த அயர்லாந்துக் குளிரில் உனக்கும் குறை வரக்கூடாது என்று தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சேர்க்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை அம்மா எனக்குக் கொடுப்பதேயில்லை, கொடுத்தாலும் பக்கத்தில் நின்று நான் பேசுவதைத் திருத்துகிறாள். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்கிறாயா, சொல்கிறேன், பதறாதே. நாலு மாதத்துக்கு முன் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் சர்க்கரை ஏறி இனிப்புநீர் என் இரண்டு கண்ணையும் தொட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாதம் தவறாமல் கண்ணுக்கு ஊசி போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாமாம், ஆனால் இனி வண்டி ஓட்டக்கூடாதாம். உன்னிடம் மறைத்தது தப்புதான். முப்பத்தைந்து வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவனிடம் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும், நீயே சொல்.

தோட்டத்தை விற்றதுதான் உனக்குத் தெரியுமே. செம்பனையை எல்லாம் சாய்த்து டேட்டா சென்டர் கட்டிவிட்டார்கள். நாம் குடியிருந்த லயத்தின் இடத்தில் இப்போது கம்ப்யூட்டர்கள் இருபத்து நாலு மணி நேரமும் ஏர்கானில் சுகமாக இருக்கின்றன, நமக்கு அங்கே ராத்திரி பத்து மணியோடு கரண்டை நிறுத்திவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? செம்மண் ரோடு நாலு வழிச் சாலையாகிவிட்டது. நான் குறை சொல்லவில்லை, இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் மழை பெய்தால் ஒழுகாமல் தூங்குகிறோம். பஸ் மட்டும் வருவதில்லை. கோத்தா திங்கி பஸ் நிலையம் வரை போய்ச் சேர்ந்தால்தான் ஜொகூர் பாருவுக்கே போக முடியும், மாதா கோவிலும் கோத்தா திங்கியில்தான். உன் தம்பி திமோத்தி பெர்மாஸ் ஜெயாவிலிருந்து விடிவதற்கு முன்பே சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுகிறவன், அவனை எத்தனை தடவை லீவு போடச் சொல்வது. ஊசிக்கு எப்படிப் போகப் போகிறேன் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "லைசென்ஸ் நான் எடுக்கிறேன்லா, நீங்க பின்னால உக்காந்து வாங்க" என்றாள். ஐம்பத்தேழு வயதில்.

ஓட்டக் கற்றுக்கொடுத்த வசந்தனே அசந்துபோனான், அவ்வளவு தைரியம். ஆனால் முதல் டெஸ்ட்டில் என்ன செய்தாள் தெரியுமா? டெஸ்ட் மைதானத்தில் போட்டிருக்கிற ஒடுக்கமான பலகைப் பாலத்தில் அழகாகப் போய்க்கொண்டிருந்தவள், எதிரே தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் நடந்து வந்ததும் மோட்டாரை நிறுத்தி, இறங்கி, ஓரமாகத் தலை குனிந்து நின்றுவிட்டாள். நீங்கள் முதலில் போங்கள் என்று மலாயில் மரியாதை வேறு. காலைத் தரையில் வைத்தாலே ஃபெயில், இவள் இறங்கியே விட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அந்தக் காலத்தில் துரை கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தாராம், வெள்ளைக்காரன் போய் நம் நாட்டுக்காரரே துரையாக வந்த பிறகும் அவர் இறங்கித்தான் நின்றாராம். "என் கால் தானா இறங்கிருச்சுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மறுநாளிலிருந்து சாயங்காலமானால் நான் தொப்பி போட்டுக்கொண்டு தாமான் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், அவள் நிற்காமல் ஓட்டிப் பழகினாள். ஒரு தடவை என்னையே இடித்துவிட்டாள், முட்டியில் லேசான சிராய்ப்புதான். போன செவ்வாய்க்கிழமை பாஸ்!

ஞாயிறு பூசைக்கு அவள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்தேன். பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிற ஆளைப் பார்த்தால் தோட்டத்தில் ஒரு வருடத்துக்குக் கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் அவள் தோளில் வைத்தேன். டேட்டா சென்டர் வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து பெரிய கறுப்புக் கார் ஒன்று மூக்கை நீட்டியது. நிறுத்து பியாட்ரிஸ், அவர் போகட்டும் என்றேன். என் காலும் பாதி இறங்கிவிட்டது, பிள்ளை, உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. அவள் ஹார்ன் அடித்துவிட்டு, "காலைத் தூக்கி வைங்க, ரோட்டுல நாமதான் போறோம்" என்று ஒரே சீராகப் போனாள். நாங்கள் தாண்டும் வரை கார் நின்றது.

கர்த்தர் உன்னை நோய்நொடியில்லாமல் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, கண் விஷயத்துக்காக அழாதே, அடுத்த ஊசிக்கு டிரைவர் தயார். டிசம்பரில் நீ வரும்போது உன்னை பஸ் நிலையத்திலிருந்து தானே கூட்டி வருவதாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதனால் பெட்டி சின்னதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பின்சீட்டிலிருந்து உன் அப்பா,
ரோலண்ட்