ஆடுகாலுக்குப் பூசின எண்ணெய்

கமலாவதியின் அப்பாவுக்கு,

சோறு பானையில், கத்தரிக்காய்க் குழம்பு உறியில். நான் மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குப் போகிறேன். கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்கையில் அதைத் தாங்கின ஆடுகால் சரிந்து, கீழே விழுந்து, தொடை முறிந்து கிடக்கிற என் தம்பிக்குச் சோறு கொண்டு போக நான்தான் இருக்கிறேன்.

எண்ணெய் சரியில்லை, அதுதான் மரம் உக்கிப் போனது என்று ஊரெல்லாம் கதைத்துத் திரிகிறீர்களாம். எண்ணெயில் ஒரு குறையுமில்லை. மாரி மழையில் ஊறிக் கிடந்த மரத்துக்கு மேலால் பூசினால் அது எப்படி உள்ளே இறங்கும்? பிறகு, "நீளம் கூடிப் போச்சு, இப்ப என்னடி?" என்று பூசின அடியையே அரிந்து எறிந்துவிட்டு, எண்ணெய் படாத மரத்தை மண்ணுக்குள் நட்டீர்கள். பூஞ்சணத்துக்குப் பந்தி வைத்த மாதிரி. நேற்று விரலால் குத்திப் பார்த்தேன், பிட்டுப் போல உதிர்கிறது.

புதுக்கால் கொட்டிலுக்குள் கிடக்கிறது. ஈரம் முழுக்கக் காயட்டும். முதலில் அளந்து அரியுங்கள். அதற்குப் பிறகு அடிப்பக்கத்தை எண்ணெய்ப் பீப்பாவுக்குள் நாலைந்து நாள் ஊற விடுங்கள். சும்மா மேலால் பூசி மெழுக வேண்டாம். ஊறின எண்ணெய்தான் மழைக்கும் மண்ணுக்கும் நின்று பிடிக்கும்.

வீட்டுத் திறப்பு வழமையான இடத்தில்.

எழுத விட்டுப்போனது: பழைய காலுக்கு முட்டுக் கொடுத்து, நாளைக்கு என் சின்னத் தம்பியை ஏற்றி இறைக்கப் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி சொன்னாள். அவனை மறித்துவிட்டேன். புகையிலை வாடுது என்றால் நீங்களே ஏறுங்கோ. ஆசுப்பத்திரியில் தம்பிக்குப் பக்கத்துக் கட்டில் வெறுமையாகத்தான் கிடக்கிறது.