வெள்ளியங்கிரியின் பழுப்பு ஜாக்கெட்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்,
அக்டோபர் 19, ஞாயிறு

அன்பு மகள் வான்மதிக்கு அம்மா எழுதுவது. பிரிட்ஜ்வாட்டரில் நீயும், மாப்பிள்ளை மாதவும் அவர் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பா முக்கால் நலம். வலது கை இன்னும் மார்புக்கு மேலே எழும்பவில்லை, பிசியோதெரபி பெண் இனி இவ்வளவுதான் என்கிறாள். போனில் பேசினால் பாதியிலேயே லீவ் இட் மா என்று நீ வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். மாதவோடு காட்டுப் பாதையில் நடக்கப் போனால் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள், பழுப்பிலும் சாம்பலிலும் எதையும் போடாதே, அங்கேயும் மான் வேட்டைக் காலம்தான்.

போன டிசம்பரில் நடந்தது உனக்குத் தெரிந்தது பாதிதான். அப்பா முதல்முறை வேட்டைக்குப் போகிறோம் என்று ஆசையாக ஆரஞ்சு வெஸ்ட்டும் தொப்பியும் வாங்கி வைத்திருந்தார். கூட்டிக்கொண்டு போனது வெள்ளியங்கிரி அங்கிள் என்று நீ கூப்பிடுகிற அந்த ஆள். அவர் என்று எழுத எனக்கு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதினைந்து வருஷமாக மான் சுடுகிறவன், நம் ஆட்களுக்கெல்லாம் அவன்தான் குரு. இருபது வருஷம் அவனை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவள் நான். தான் சுட்ட குண்டு அப்பாவுக்குப் பட்டதும் அவன் வேட்டை அதிகாரியிடம் சொன்னது என்ன தெரியுமா, நான் எவ்வளவோ சொன்னேன், சேனாபதி ஆரஞ்சு போட மாட்டேன்னுட்டார், பழுப்பு ஜாக்கெட்டில் புதருக்குள் நடந்தார், மான் என்று நினைத்துவிட்டேன் என்று. தனியார் நிலத்தில் ஆரஞ்சு போட வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லையாம், விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். அப்பாவும் ஒன்றும் ஞாபகமில்லை என்றுவிட்டார். பொங்கல் விழாவில் பத்துப் பேர் என்னிடம் வந்து, பாவம் வெள்ளியங்கிரி, சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாமில்லையா என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அம்மிணி.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இட்லி டப்பாவோடு வந்தவன், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் அந்த ஜாக்கெட் எங்கே என்று கேட்டான். நர்ஸ்கள் கத்தரித்து எடுத்த, இரத்தம் ஊறிய துணியை யார் கேட்பார்கள்? என்ன தோன்றியதோ, குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்லிவிட்டேன். அது பிளாஸ்டிக் பையில் நம் கராஜில்தான் இருந்தது. மார்ச் மாதம் ஒருநாள் அப்பாவுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடும்போது அவராகவே சொன்னார். காரை விட்டு இறங்கி ஆரஞ்சு வெஸ்ட்டை எடுத்தாராம். அவன் சிரித்து, இதப் போட்டா மானுக்கு டல்லஸ் வரைக்கும் தெரியுமே என்று சொல்லி, காய்ந்த புல்லும் குச்சியும் அச்சடித்த தன் பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தானாம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். இருபது வருஷப் பழக்கம் கண்மணி, சொல்ல வாய் வரலை என்றார்.

அன்றைக்கு வயிற்றில் பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லை. ஆகஸ்டில் நான் வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் நடுவே சுடிதாரில் நான் ஒருத்தி. ஆசிரியர் அம்மாள் சுவரில் ஒரு படம் போட்டு, காய்ந்த புல்லில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றாள். நான் இருவர் என்றேன், ஐந்து பேர் இருந்தார்கள். தரையில் நடந்து வேட்டையாடுகிறவனுக்கு உடம்பின் உருவத்தை உடைத்துக் காட்டுகிற அச்சு வேண்டும், அது மானை ஏமாற்ற, அதற்கு மேலே ஆரஞ்சு வேண்டும், அது மனிதன் கண்ணில் பட என்றாள். மான் கண்ணுக்கு ஆரஞ்சு மங்கலாகக் காய்ந்த புல் மாதிரிதான் தெரியுமாம், நீலம்தான் பளிச்சென்று தெரியுமாம், ஜீன்ஸ் போடக்கூடாதாம், வெளுப்புச் சோப்பில் துவைத்த துணிகூட அதற்கு மின்னுமாம். முதல் நாள் பாடம் இது. பதினைந்து வருஷம் சுட்டவனுக்குத் தெரியாதா?

செப்டம்பரில் நம் குடியிருப்பின் கிளப்ஹவுஸில் புதிதாக வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அவன் வகுப்பு எடுத்தான், வருஷா வருஷம் எடுப்பதுதான். பன்னிரண்டு அப்பாக்கள் வந்திருந்தார்கள். எந்த நிறம், எந்த அச்சு என்று மேஜை முழுக்கத் துணியைப் பரப்பி வைத்திருந்தான். நான் பையைத் திறந்து அந்த ஜாக்கெட்டை அதன்மேல் விரித்து, இது யாருது என்று சொல்லுங்க அண்ணா என்று மட்டும் கேட்டேன். டீ ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி தனபாக்கியம் பக்கத்தில் வந்து காலரைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே மார்க்கரில் இரண்டு எழுத்து. இது நான் எழுதுன எழுத்து, இவரோடதுதான் என்றாள். அவளுக்கே அதுவரை தெரியாது, பாவம். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு சொல் விடாமல். அரை மணி நேரத்தில் அறை காலி.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்து அழுதான். அப்பா இடது கையால் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார், அவர் அப்படித்தான். நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. தெரியாம நடந்துபோச்சு கண்மணி, மன்னிச்சுக்க என்றான். "சுட்டது தெரியாம. சொன்ன பொய் தெரிஞ்சுதானே?" என்று கேட்டேன். மறுநாளே அதிகாரியிடம் கூட்டிப் போய் உண்மையை எழுதிக் கொடுக்க வைத்தேன், கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்தேன், குளிரவில்லை.

இந்த நேரத்தில்தான் நீ அனுப்பிய கல்யாண லிஸ்டில் அவன் பெயரைப் பார்த்தேன். அப்பா மன்னித்துவிட்டார், நீங்களும் விடுங்கள் என்று கீழே எழுதியிருந்தாய். மூன்று நாள் உன் போனை எடுக்காதது அதனால்தான். இப்போது யோசித்துச் சொல்கிறேன், அழைப்பை அனுப்பு. தனபாக்கியத்தையும் அவனையும் முன்வரிசையில் உட்கார வை. தாரை வார்க்கும்போது அப்பாவின் கை எழும்பாது, நான்தான் கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். அதை அவன் கண் எடுக்காமல் பார்க்கட்டும். பார்த்துவிட்டு நம் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுப் போகட்டும். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

உனக்கு ஒரு குறையும் வராது, நூறு வருஷம் நிறைவாக வாழ்வாய், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ரவிக்கை அளவை இந்த வாரமே அனுப்பு, தையல்காரம்மா இந்த மாதத்துக்கு அப்புறம் எடுக்க மாட்டாள்.

உன் அம்மா
கண்மணி சேனாபதி