கோர்ட்டுக்கு ஒரு போட்டோ

ஏனுங்க மாமா,

வழக்கில் ஜெயித்துவிட்டோம். உங்கள் சக்கர நாற்காலி இறங்குவதற்காக நீங்கள் கேட்ட சாய்தளத்தை, நம் வேலம்பாளையம் அபார்ட்மெண்ட் வாசலில் நேற்றுக் கட்டி முடித்தார்கள்.

கார் நிறுத்த இடம் போய்விடும் என்று மறுத்த சங்கத் தலைவர் மகுடேஸ்வரனே வந்து கதவைத் தட்டினார்.

"கோர்ட்டுக்குப் போட்டோ அனுப்போணுங்க அக்கா. அண்ணனோட வண்டியைக் கொஞ்சம் குடுங்க."

திட்ட வாய் வரவில்லை. போன மாதம் உங்களைக் கடைசியாகப் படியிறக்கியபோது முன்னால் தோள் கொடுத்தவர் அவர்தான்.

காலி நாற்காலியைப் படமெடுத்தால் நன்றாக இருக்காதாம். யாராவது உட்கார வேண்டுமாம். நானே உட்கார்ந்தேன். கைப்பிடியில் உங்கள் தைலம் இன்னும் மணந்தது. அவர் தள்ளினார்.

ஒரு குலுக்கல்கூட இல்லை, மாமா. கையில் காப்பி டம்ளரோடு நீங்கள் இறங்கியிருந்தாலும் சிந்தியிருக்காது.

நாற்காலியை இன்னும் மடக்கி வைக்காத,
உங்களவள்