சிவப்புக் காரை ஓட்டப் போகிறவர்

அக்டோபர் 12, ஞாயிறு

விராலிமலைக்குப் போய் அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பேசி முடித்துவிட்டோம். என் சம்பளத்தில் வாங்குகிறேன். விலை பேசத் துணைக்கு அப்பா வந்தார்.

விற்பவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். வாங்கிய நாளிலிருந்து தன் கையாலேயே பராமரித்த வண்டி. "அழகுக்கு நிறுத்தி வைக்கிறவங்களுக்குத் தரமாட்டேங்க. வருசக்கணக்கா வச்சு ஓட்டணும். யாரு ஓட்டப் போறது?" என்று அப்பாவிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "வரப்போற மாப்பிள்ளைங்க. வண்டின்னா அவருக்கு உசுரு" என்றார். எனக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கவே தொடங்கவில்லை.

துரு பிடித்திருக்கிறதா என்று காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். "சுடிதார் அழுக்காயிரும், எந்திரிம்மா" என்றார் இன்ஜினியர். எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில், "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பொம்பளப்புள்ள ஓட்டும்னா குடுப்பாராக்கும்? வண்டி புதன்கிழமை வருதுல்ல, விடு ஆத்தா."

கோபம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாப்பிட்டு முடித்தபோது இன்ஜினியர் போன் செய்தார். அப்பா என்னிடம் கொடுத்துவிட்டார்.

"காலையில ஸ்டார்ட் பண்ணதும் எடுத்துரக் கூடாதும்மா. கொஞ்சம் சூடாகட்டும். மாப்பிள்ளைகிட்ட மறக்காமச் சொல்லிரு."

"சரிங்க சார். அவருகிட்ட சொல்றேன்" என்றேன்.